சாட்சிக்கு வந்த நாத்தனார்

போன வாரம் ட்வைலாவைத் தையல் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். கையில் புதுச் சமையல் கோட்டு. மார்புப் பக்கம் நீல நூலில் ‘ட்வைலா மேசிக்’ என்று தைத்திருந்தது. மேசிக் அவளுடைய அப்பா வீட்டுப் பெயர். இருபத்தாறு வருஷமாக அவள் ட்வைலா காட்ஸ்டன். நீதிபதி இன்னும் பெயரை மாற்றிக் கொடுக்கவில்லை. தையல்காரி மாற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ட்வைலா சவானாவுக்குக் கிளம்புகிறாள். அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு அவள்தான் இனி தலைமை. போகும்போது காட்ஸ்டன் என்ற பெயரோடு மாநில எல்லையிலிருக்கிற ஆற்றைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கு இன்று, புதன்கிழமை, பதினோரு மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியாக வேண்டும்.

அவளை அழைத்துப் போகக் காரோடு வந்திருந்தாள் டெல்ஃபீன் காட்ஸ்டன். ட்வைலாவின் கணவன் ராய்ஸுக்குத் தங்கை. ட்வைலாவுக்குப் பள்ளித் தோழி, பிறகு நாத்தனார். அவர்கள் இருக்கிற மோஸ்லி தீவில் டெல்ஃபீனுக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டை போட்டுவிட முடியாது. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டுக் கொடியில் யாருடைய சட்டை காய்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் தூக்கம் வராது. கெட்ட மனசு கிடையாது, பாவம். மூக்குதான் கொஞ்சம் நீளம்.

அந்த மூக்கினால்தான் அவள் இன்றைக்குச் சாட்சி.

ராய்ஸ் காட்ஸ்டன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை இத்தனை வாரம் ஓடியிருக்காது. தென் கரோலினாவில் கல்யாணத்தைவிட்டு வெளியே போக ஐந்து கதவுகள் உண்டு. புருஷன் இன்னொருத்தியோடு போனால் ஒரு கதவு. கை நீட்டி அடித்தால் ஒரு கதவு. எந்நேரமும் குடித்துக் கிடந்தால் ஒரு கதவு. விட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு வருஷம் ஆனால் இன்னொரு கதவு. ராய்ஸுக்கு இறால் படகைத் தவிர இன்னொருத்தி கிடையாது. கை நீட்டியதில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு கோப்பைக்கு மேல் தொடமாட்டான். ஓடிப்போகச் சொன்னாலும் படகைவிட்டுப் போகமாட்டான்.

அவன் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. பேசமாட்டான். கடலிலிருந்து வருவான், குளிப்பான், சாப்பிடுவான், நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பான். கேட்டால் ‘ம்’. கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மகன் கப்பற்படைக்குப் போன பிறகு அந்த வீட்டில் பேசுகிற ஆள் ட்வைலா ஒருத்திதான், அதுவும் அடுப்போடு. பேசாத புருஷனுக்கென்று சட்டத்தில் தனிக் கதவு வைக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஐந்தாவது. ஒரு வருஷம் முழுக்க இருவரும் வெவ்வேறு கூரைக்குக் கீழே பிரிந்து வாழ வேண்டும். ஒரே வீட்டில் அவனுக்கு முன் அறை, அவளுக்குப் பின் அறை என்பதெல்லாம் செல்லாது. நடுவில் ஓர் இரவு ஒன்றாகத் தங்கினாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. இலவசமாக ஆலோசனை சொன்ன வக்கீல் அம்மாள் இதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லி அனுப்பியிருந்தாள். போன வருஷம் ஜனவரியில் ராய்ஸ் ஒரு பையோடு கிளம்பிப் படகுத்துறை ஓரத்தில், சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீட்டுக்குப் போனான். இந்தப் பிப்ரவரியில் ட்வைலா மனுப் போட்டாள். மனுவின் நகலை ராய்ஸ் துறையிலேயே, வலை நனைத்த கையோடு, எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

பிரிந்துதான் வாழ்ந்தோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் சொன்னால் மட்டும் நீதிமன்றத்தில் போதாது. இரண்டு வீட்டுக்கும் போய்வருகிற மூன்றாவது ஆள் வந்து சத்தியம் செய்து சொல்ல வேண்டும். தீவில் இரண்டு வீட்டுக்கும் போய், இரண்டு வீட்டு அலமாரியையும் திறந்து பார்க்கிற ஆள் டெல்ஃபீன்தான். அண்ணியைக் கழற்றிவிட நாத்தனாரே சாட்சிக்குப் போகிறாள் என்று தேவாலயத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டெல்ஃபீன் ராத்திரியெல்லாம் அழுதது அவர்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்கு ட்வைலாவைக் கொண்டுவந்ததே அவள்தான்.

*

முந்தின நாள் நல்ல மழை. ட்வைலாவின் சமையலறையில் அடுப்பின்மேல் ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. கூரையிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் அதில் விழுந்துகொண்டிருந்தது.

அது என்ன என்று டெல்ஃபீன் கேட்டாள். பழைய வீடு, ஒழுகாமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு ட்வைலா தொப்பியைத் தேடப் போய்விட்டாள். டெல்ஃபீன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளையடித்த கூரையில் மஞ்சளாக ஒரு கறை. அவ்வளவுதான் தெரிந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டு மிஸ் யூனெட்டா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். எழுபது வயது. கையில் பவுண்டு கேக், துணி போட்டு மூடியிருந்தது. ஊரைவிட்டுப் போகிற பெண்ணுக்குக் கொடுக்க வந்தவள், கொடுத்த கையோடு நன்றியும் சொன்னாள்.

“என்னதான் பிரிஞ்சாலும் உன் வீட்டுக்காரனை நான் குறை சொல்ல மாட்டேன் கண்ணு. புயல் அடிச்ச மறுநாள் விடிஞ்சும் விடியாததுமா என் வாசல்ல கெடந்த ஓக் மரத்தை ரம்பம் போட்டு அறுத்துத் தள்ளினானே. புயல் ராத்திரி அவன் வண்டி உன் கொட்டகையில நின்னதைப் பாத்த பிறகுதான் எனக்கே தூக்கம் வந்துச்சு. ஆம்பளை ஒருத்தன் பக்கத்துல இருக்கான்னு.”

சொல்லிவிட்டு ட்வைலாவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துப் போய்விட்டாள்.

டெல்ஃபீன் கணக்குப் போட்டாள். புயல் அடித்தது போன செப்டம்பர். வருஷக் கணக்குக்கு நட்டநடுவில். அன்றைக்கு அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தாள். ராய்ஸ் படகைக் காப்பாற்ற அதை ஓடைக்குள்ளே தூரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, அதிலேயே படுத்துவிட்டான் என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள். ராய்ஸ் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

“அண்ணி.”

“நேரமாச்சு, வண்டியை எடு,” என்றாள் ட்வைலா.

*

பாலத்தின்மேல் போகும்போது டெல்ஃபீன் கேட்டேவிட்டாள். சும்மா இருந்தால் அவளுக்கு வெடித்துவிடும்.

ட்வைலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சுருக்கமாகச் சொன்னாள். ராய்ஸ் படகை ஓடையில் கட்டிவிட்டு வருவதற்குள் காற்று ஏறிப் பாலத்தை மூடிவிட்டார்கள். ட்ரெய்லர் வீடு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. தீவில் மேட்டு நிலம் என்று இருப்பது இவள் வீடுதான். கார் கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டான்.

“நீ?”

“நான் வீட்டுக்குள்ள.”

“கதவு?”

“கதவு கதவாத்தான் இருந்துச்சு. என்னடி, போலீஸா நீ?”

டெல்ஃபீன் வண்டியைப் பாலத்தைவிட்டு இறக்கினாள். மனம் மட்டும் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கார் கொட்டகை வீட்டோடு ஒட்டிக் கட்டியது. தகரம் ஒன்றுதான், நேராக ஓடுகிறது. அப்படியானால் அது ஒரே கூரையா, வேறு கூரையா? வண்டிக்கென்று தனிக் கூரை இருக்கிறதே, அது கணக்கில் வருமா? இவ்வளவு சுவாரசியமான கேள்வி அவளுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. இது தன் சொந்தக் குடும்பத்தில் இல்லாமல் வேறு யார் வீட்டிலாவது நடந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

நீதிமன்றத்தில் நுழைந்ததும் ட்வைலா முகம் கழுவப் போனாள். டெல்ஃபீன் நேராக எழுத்தர் ஜன்னலுக்குப் போய், தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்காகக் கேட்பதாகச் சொல்லி, கொட்டகை விஷயத்தைக் கேட்டாள். உள்ளே இருந்த பெண் சிரித்தமுகமாக, சட்ட ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை அம்மா என்றாள். டெல்ஃபீன் வேறு மாதிரி கேட்டாள். அதற்கும் அதே சிரிப்பு, அதே பதில். அந்த ஜன்னலில் கழிப்பறை எங்கே என்று கேட்டால் மட்டும்தான் ஒழுங்காகப் பதில் வரும்.

*

ராய்ஸ் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, பளபளவென்று தேய்த்த ஷூ. எலுமிச்சை போட்டுக் கையைக் கழுவியிருந்தான், அப்படியும் இறால் வாசனை போகவில்லை. தங்கையைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான்.

அவன் ஆரம்பிக்கட்டும் என்று டெல்ஃபீன் ஒருபோதும் காத்திருந்ததில்லை. இன்றைக்கு என்னவோ அவனே முதலில் வாயைத் திறந்தான்.

“நேத்து மழைக்கு அடுப்பு மேல ஒழுகுச்சா?”

“ஆமா, பாத்திரம் வெச்சிருக்கா.”

“பலகைக்கு மேல தார் பூசணும். அன்னிக்குத் தார் இல்லை. ஆணி மட்டும்தான் அடிச்சேன்.”

டெல்ஃபீன் அண்ணன் முகத்தையே பார்த்தாள். எந்தப் பலகை? ஜனவரியில் அவன் கிளம்பும்போது அந்தக் கூரை முழுசாக இருந்தது. அதன் கீழே நின்று அவளே அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

“அண்ணா, எப்ப அடிச்சே ஆணி?”

ராய்ஸுக்குப் பொய் சொல்ல வராது. பொய்க்கும் நாலு வார்த்தை வேண்டுமே.  துண்டு துண்டாகச் சொன்னான். வண்டியில்தான் படுத்திருந்தான், அது நிஜம். நடு ராத்திரியில் ஓக் மரத்துக் கிளை முறிந்து சமையலறைக் கூரையைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கியது. ட்வைலா கத்தினாள். அவன் ஓடினான். கிளையை இழுத்து வெளியே தள்ளி, அலமாரிப் பலகையைப் பெயர்த்து ஓட்டையில் வைத்து அடித்தான். புயல் முடிந்ததும் ட்வைலா அதன்மேல் வெள்ளையடித்துவிட்டாள்.

“சரி, அடிச்சே. அப்புறம் வண்டிக்குத் திரும்பிப் போயிருக்கலாமே?”

“பேசிக்கிட்டு இருந்தோம்.”

“யாரு?”

“நாங்க.”

“நீயா? பேசினியா?”

“ம்.”

டெல்ஃபீனுக்கு ஒரு நிமிஷம் நீதிமன்றமே மறந்துபோயிற்று. எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்று அவன் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். விடிகிறவரைக்கும் என்றான். எதைப் பற்றி என்று சொல்ல வாயெடுத்தான். அவன் தாடை மேலும் கீழும் அசைந்தது, கண் நிறைந்துவிட்டது. டெல்ஃபீன் தன் அண்ணனை அப்படிப் பார்த்ததில்லை. அப்பாவைப் புதைத்த அன்றுகூட.

“அப்ப ஏன்டா அண்ணா மறுபடியும் வாயை மூடிக்கிட்டே?”

“காலையில அவதான் சொன்னா. இது வெளியில தெரிஞ்சா வருஷம் போயிடும், யார்கிட்டயும் பேசாதேன்னு. சரின்னேன். பேசலை.”

எங்கே போய் முட்டிக்கொள்வது? பேசாததற்காகப் பெண்டாட்டி தள்ளிவைத்தவனிடம் பேசாதே என்று சொன்னாள், அதை மட்டும் அப்படியே கேட்டிருக்கிறான்.

உனக்கு இந்த விவாகரத்து வேண்டுமா என்று டெல்ஃபீன் கேட்டாள்.  அவன் அவள் கையைப் பிடித்து, அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

“அவ கேக்கறதை அவளுக்குக் குடுத்துடலாம் டெல்ஃபீன். உள்ள போய் ஒண்ணும் சொல்லாதே. போகட்டும் அவ.”

*

முகம் கழுவிக்கொண்டு வந்த ட்வைலா, அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். டெல்ஃபீன் எழுந்து அவளிடம் போனாள். இருவரும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றார்கள்.

“சொல்லிட்டானா?”

“சொல்லிட்டான். அண்ணி, நான் பைபிள் மேல கை வைக்கணும்.”

“தெரியும்.”

“பொய் சொல்ல வராது எனக்கு. வம்பு பேசுவேன், பொய் பேச மாட்டேன். உனக்கே தெரியும்.”

ட்வைலா அவளைக் கோபித்துக்கொண்டிருந்தால் டெல்ஃபீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கோபிக்கவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள்:

“உனக்கு நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்க மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை நான் மேசிக்கா போகணும்டி. திரும்பவும் முதல்லேருந்து எண்ணறதுக்கு என்கிட்ட தெம்பு இல்லை.”

காவலர் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டார்.

டெல்ஃபீன் தேவாலயத்தில் வெள்ளைக் கையுறை போட்டு ஆட்களை உட்காரவைக்கிறவள். அந்தக் கையைத்தான் இன்று சத்தியத்துக்குத் தூக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் உயிர்த்தோழியின் விடுதலை போகிறது. மறைத்தால் கடவுள் முன்னால் சொன்ன சத்தியம் போகிறது. அதிலும் ஒரு வேடிக்கை, மனசின் ஒரு மூலையில் இந்தக் கல்யாணம் முறியக் கூடாது என்று ஆசை. அப்படியிருக்க, உண்மை சொல்வது சத்தியத்துக்காகவா, ஆசைக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லார் வீட்டு விஷயமும் தெரிந்தவளுக்குத் தன் மனசு தெரியாமல் போயிற்று.

*

நீதிபதி நரைத்த தலை அம்மாள், மூக்குநுனியில் கண்ணாடி. மூன்று பேரும் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள். பிறகு ட்வைலா சாட்சி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

எந்த மாவட்டம், எத்தனை வருஷமாக இங்கே வாசம், எப்போது கல்யாணம், மைனர் குழந்தைகள் உண்டா, சொத்தைப் பிரித்துக்கொண்டாயிற்றா. நீதிபதி தினமும் கேட்கிற கேள்விகள். அலுப்பில்லாமல், அவசரமும் இல்லாமல் கேட்டாள். ட்வைலா ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். இரண்டு வாரமாகச் சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தவள் அல்லவா.

“போன வருஷம் ஜனவரியிலேருந்து இன்னிக்கு வரைக்கும், நீங்களும் உங்க கணவரும் ஒரு ராத்திரியாவது ஒரே கூரைக்குக் கீழ தங்கியிருக்கீங்களா?”

‘இல்லைங்கம்மா.’ அதுதான் ஒத்திகை. ஒரே சொல்.

ட்வைலா வாயைத் திறந்தாள். எதிரே ராய்ஸ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினான். ‘இல்லை’ன்னே சொல்லிடு, பரவாயில்லை என்கிற மாதிரி.

அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. டெல்ஃபீன் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். ட்வைலாவின் முகம் அடுப்பில் வைத்த வெண்ணெய் மாதிரி இளகிவிட்டது.

“ஒரு ராத்திரி,” என்றாள் ட்வைலா.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தாள்.

“புயல் அன்னிக்கு. பாலத்தை மூடிட்டாங்க. கூரை உடைஞ்சுது, வந்து அடைச்சாரு. அப்புறம் போகலை.”

புயலுக்கு ஒதுங்குவதற்கும் சேர்ந்து வாழ்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்றாள் நீதிபதி. கூரை அடைத்தார், மழை நிற்கவில்லை, ஒரு மூலையில் அவர், ஒரு மூலையில் நீங்கள், அப்படித்தானா என்று நிதானமாகக் கேட்டாள்.  கதவு இன்னும் சாத்தவில்லை. அந்த அம்மாள் கையில் பிடித்துத் திறந்துவைத்துக்கொண்டிருக்கிறாள். ‘ஆமாங்கம்மா’ என்றால் போதும்.

“இல்லைங்கம்மா. ஒரே மேஜைலதான். விடியற வரைக்கும் பேசினோம்.” ட்வைலா கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். “அதை ஒண்ணுமில்லேன்னு சொல்லிடலாம்னுதான் வந்தேன். வாய் வரலை. இருபத்தாறு வருஷத்துல இந்த மனுஷன் என்கிட்ட பேசின ராத்திரி அது ஒண்ணுதாங்கம்மா. அது நடக்கவே இல்லேன்னு சத்தியம் பண்ணித்தான் இவர்கிட்டேயிருந்து போகணும்னா, அப்படிப் போக எனக்கு வேண்டாம்.”

 நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். இவ்வளவு கேட்ட பிறகு இன்று தன்னால் இதைக் கொடுக்க முடியாது என்றாள். இந்த மனு தள்ளுபடி. எண்ணிக்கை அந்தப் புயலுக்கு மறுநாளிலிருந்து மறுபடி தொடங்குகிறது. அது முடிந்த பிறகும் இதே எண்ணம் இருந்தால் புது மனுவோடு வரலாம். நீங்கள் உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னாள்.

டெல்ஃபீனை யாரும் கூப்பிடவில்லை. சத்தியம் செய்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தப்பித்தோம் என்று இருந்தது. தன் தலைமேல் இருந்த பாரத்தை ட்வைலா தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாளே என்று வெட்கமாகவும் இருந்தது.

*

வெளியே படிக்கட்டில் மூன்று பேரும் நின்றார்கள். தெற்கே மேகம் கறுத்திருந்தது. டெல்ஃபீன் காரின் பின் இருக்கையில் அந்தச் சமையல் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது, நீல எழுத்து கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

ராய்ஸ் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தான். டெல்ஃபீன் தன் உதட்டைக் கடித்து அடக்கினாள். இந்த ஒரு தடவை ட்வைலாவுக்காகத் தான் பேசிவிடக் கூடாது, அவனுக்காகவும் பேசிவிடக் கூடாது.

“திரும்ப மழை வருது,” என்றான் ராய்ஸ். “அந்தப் பலகை தாங்காது. வண்டில ஏணி இருக்கு. தார் வாங்கிட்டு வரட்டுமா?”

அவன் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசியதற்கே டெல்ஃபீன் கைதட்டியிருப்பாள்.

ட்வைலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். சவானாவுக்குப் போவது போவதுதான், அதில் மாற்றம் இல்லை என்றாள். அவன் சரி என்றான். வீட்டை வாடகைக்கு விடப் போகிறேன், ஒழுகுகிற வீட்டை யார் எடுப்பார்கள் என்றாள். அதற்கும் சரி என்றான்.

“வா. ஆனா இருட்டறதுக்குள்ள கிளம்பிடணும். இன்னொரு தடவை கணக்கு கெட்டுச்சுன்னா நான் கெழவி ஆயிடுவேன்.”

பிறகு டெல்ஃபீன் பக்கம் திரும்பினாள்.

“நீதானே சாட்சி? பொழுது சாயற நேரத்துக்கு வந்து பாத்துட்டுப் போ. செப்டம்பர்ல நீதான் திரும்பவும் வந்து சொல்லணும்.”

*

சாயங்காலம் டெல்ஃபீன் தன் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கியது பாதி, ஜன்னலைப் பார்த்தது பாதி. சதுப்பு நிலத்துப் புல்லின்மேல் வெயில் செம்பு நிறத்துக்கு வந்ததும் கத்தியைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்தாள்.

மண் பாதையில் ட்வைலா வீட்டுக்கு ஒரு திருப்பம் உண்டு. பெரிய ஓக் மரம், பாசி தொங்குகிற கிளைகள். அதைத் தாண்டினால் கார் கொட்டகை முழுசாகத் தெரியும். தாண்டாவிட்டால் எதுவும் தெரியாது. டெல்ஃபீன் மரத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தினாள்.

சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. தார் காய்ச்சிய வாசனை மட்டும் காற்றில் வந்தது. சூரியன் புல்லுக்குள் பாதி இறங்கிவிட்டது. முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது.

ராய்ஸின் வண்டி இன்னும் நிற்கிறதா? அவன் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டானா? மேஜையில் இருக்கிறார்களா? பேசுகிறார்களா? அன்றைக்கு அப்படி என்னதான் பேசினார்கள்? டெல்ஃபீன் காட்ஸ்டனுக்கு வாழ்க்கையில் எதையும் இவ்வளவு தெரிந்துகொள்ள ஆசை வந்ததில்லை.  காலை லேசாக அழுத்தினால் போதும்.

பார்த்துவிட்டால் செப்டம்பரில் சொல்ல வேண்டும். வண்டி நிற்கிறது என்றால் அதை. போய்விட்டது என்றால் அதை. இருட்டின பிறகும் அங்கே விளக்கு எரிந்தது என்றால் அதையும்.

அவள் பின்பக்கம் திரும்பிப் பார்த்து, வண்டியை அங்கேயே பின்வாங்கித் திருப்பினாள். சக்கரம் ஈரமண்ணில் வழுக்கி ஒருமுறை சுற்றியது. நேரே பாதைக்கு வந்ததும், பின்னால் ஏதோ உறுமுவது போல் இருந்தது. வண்டி கிளம்புகிற சத்தமாக இருக்கலாம். இடியாகவும் இருக்கலாம்.

டெல்ஃபீன் ரேடியோவைப் போட்டு, சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டிவைத்தாள். கண்ணாடியில் பின்னால் பார்க்காமலே வீட்டுக்கு ஓட்டினாள்.